சுவரில் வழிந்தது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. வாசல் காவலாளியிலிருந்து மாடி அறை இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் மருமகள்தான். இயக்குநர் கொஞ்சம் நாகரிகம் தெரிந்த அம்மாள். இவள் அறையை விட்டு வெளியே போன பிறகுதான் அப்படிச் சொல்வார். அவளுடைய மாமனார் அதே கட்டடத்தில் தலை நரைக்கும் வரை வேலை பார்த்தவர். மற்றவர்கள் ஓய்வு பெற்றுப் போகும்போது மேசை டிராயரில் காய்ந்த பேனாவும் தலைவலி மாத்திரையும் விட்டுப் போவார்கள். பெரியவர் ஓர் எண்ணை விட்டுப் போனார்.

அது சாதாரண எண் இல்லை. தொழிற்சாலைப் புகையில் இருக்கிற கரியமில வாயுவைக் காற்றில் கலக்க விடாமல் பிடிக்க ஒரு வழி உண்டு. உயரமான ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைத் தூறலாகத் தூவ வேண்டும். அடியிலிருந்து புகை மேலே ஏறி வரும். நடுவழியில் துளிகள் அந்த வாயுவைக் குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்பதுதான் கேள்வி. அதைப் பெரியவர் வாலிபத்தில் அளந்து சொன்னார். பாடப்புத்தகத்தில் ஏறியது. ‘பெரியவர் எண்’ என்று ஆய்வுக்கூடமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. யாரும் மறுபடி அளந்து பார்க்கவில்லை. பாடப்புத்தகத்தில் வந்ததை அளந்து பார்ப்பது, பெரியவர் சட்டையைக் கழற்றச் சொல்லி அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி ஆகிவிடுமே!

அளந்து பார்க்கும்படி ஆனது இவளுக்கு மட்டும்தான். ஒரு சிமெண்ட் தொழிற்சாலை அந்த எண்ணை நம்பி, ஒரு வீடே உள்ளே அடங்குகிற அளவுக்குப் பெரிய கோபுரம் கட்ட ஆசைப்பட்டது. கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுங்கள் என்றார்கள். அதற்காகவே புதிதாக ஒரு சோதனைக் கோபுரம் நிறுத்தினார்கள். கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக், இரண்டு மாடி உயரம், இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அதை ஓட்டி அளக்கிற வேலை ஒப்பந்தத்தில் அவளுக்குக் கிடைத்தது. கொடுத்ததும் மருமகள் என்பதற்காகத்தான், பின்னால் குத்திக் காட்டியதும் அதற்காகத்தான்.

அவள் அளந்தால் பெரியவர் எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

முதலில் நாசிலைச் சந்தேகப்பட்டாள். கரைசல் தூறலாகப் பிரிவது அந்தச் சின்னப் பித்தளை மூக்கில்தான். மாற்றிப் பார்த்தாள். பிறகு கரைசலைச் சந்தேகப்பட்டாள். திறந்து வைத்த சோடாக் கரைசல் அறைக்காற்றிலேயே வாயுவைக் குடித்து வயிறு நிரப்பிக்கொள்ளும், கோபுரத்துக்குப் போகும்போது அதற்குப் பசி இருக்காது. ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்தாள். அப்போதும் அதே கதைதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் ஒரு பிழை அகப்பட்டது. மேலே மிச்சமிருக்கும் வாயுவை அளக்கும் கருவிக்குப் போகிற மெல்லிய குழாய்க்குள் தூறல் புகுந்து, அங்கேயும் வாயுவைத் தின்றுகொண்டிருந்தது. கோபுரம் தின்றதும் குழாய் தின்றதும் ஒன்றாகக் கணக்கில் ஏறியிருந்தன. குழாயின் வாயில் ஈரம் தடுக்கிற சின்னப் பொறி ஒன்றை வைத்தாள். அவ்வளவுதான், அவளுடைய எண் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சரி பண்ணப் பண்ண குறையுதுன்னா, என்னம்மா சரி பண்றீங்க?”

“மேடம், முன்னாடி குழாயில தப்பு இருந்தது. இப்போ வர்றதுதான் உண்மையான அளவு.”

“அப்போ சார் அளந்தது பொய்யா?”

அவள் அளவுக் குறிப்பேட்டைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். இயக்குநர் அதைப் பார்க்கவில்லை.

“நான் உங்களைக் குறை சொல்லலை. ஒருத்தர் அளந்தா வருது, இன்னொருத்தர் அளந்தா வரலைன்னா, கை எங்கயோ தவறுதுன்னுதானே அர்த்தம்? தொழிற்சாலைக்காரங்க சீக்கிரம் வரப்போறாங்க. அதுக்குள்ள சார் எண்ணைக் கொண்டு வந்துட்டா ஒப்பந்தத்தை நீட்டிடலாம். இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்லை.”

வேலை போவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கை சரியில்லாதவள் என்ற பெயரோடு போவதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அளக்கிறவளுக்கு வேறென்ன சொத்து இருக்கிறது? அவள் சொல்கிற அளவை நாலு பேர் நம்ப வேண்டும். அது போனால் அவள் வெறும் மருமகள்தான்.

ஆய்வுக்கூடத்தில் பட்டதை வீட்டுக்குப் போயாவது ஆற்றிக்கொள்ளலாம் என்றால், வீட்டில்தான் அந்த எண்ணே கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது பெரியவர் தவறாமல் விசாரிப்பார்.

“இன்னிக்கு எவ்வளவு வந்தது?”

அவள் சொல்வாள். அவர் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலில் ஒரு கருணை இருக்கும். அந்தக் கருணையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறியலாம் போலிருக்கும்.

“அளக்கறதுங்கறது ஒரு பொறுமைம்மா. எல்லாருக்கும் கை வராது. தப்பா எடுத்துக்காதே.”

தப்பாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள முடியாத பேச்சுக்குத்தான் அந்தக் கடைசி வார்த்தை எப்போதும் தேவைப்படுகிறது. புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா உன் நல்லதுக்குத்தான் சொல்றார்” என்பான். அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும், “நீ சொல்றதும் சரிதான்” என்பான். பெண்டாட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் சிக்காமல் நழுவுகிற அந்த வித்தையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தை பேசமாட்டார். அவரும் ஒரு காலத்தில் அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவர்தான். பெரியவரைச் சந்தித்ததே அங்கேதான். பாதியில் விட்டுவிட்டு, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராகக் காலம் தள்ளினார். சாப்பாட்டு மேசையில் கோபுரப் பேச்சு வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் ஜாடியை நிரப்பிக்கொண்டு வருவார். மாமியார் மருமகள் சண்டை என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் எதுவும் இல்லை. பேச்சு இருந்தால்தானே சண்டை?

அடைத்த கதவைத் திறந்துவிட்டது ஆய்வுக்கூடத்துப் பம்புக்காரர். பம்பு, குழாய், வால்வு எல்லாம் அவர் பொறுப்பு. வாய் மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை. ஒருநாள் காலையில் அவள் கோபுரத்தின் அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்ன மருமகளே, கோபுரத்துக்கிட்ட வேண்டுதலா?”

“போங்கண்ணே. நான் நொந்து போயிருக்கேன்.”

“பெரியவர் எண்ணு பெரியவர் குழாயிலதான் வரும்போல. அதைப் போய் ஓட்டிப் பாருங்களேன்.”

“அது இன்னும் இருக்கா?”

“ஸ்டோர்ல இருக்கு. துடைப்பமும் பழைய வரைபடமும் சொருகி வெச்சிருக்கோம். நல்லா நிக்குது, பாவம்.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவள் அப்போதே எழுந்து ஸ்டோருக்கு நடந்துவிட்டாள். அங்கே மூலையில் மூன்று நாலு துண்டாக நின்றது பெரியவரின் கண்ணாடிக் கோபுரம். அடுக்கினால் உயரத்தில் புதியதற்குச் சளைத்ததில்லை. அகலம்தான் இல்லை, உள்ளே ஒரு வாளி நுழையாது. துடைப்பங்களைப் பிடுங்கி எடுத்துவிட்டு, கழுவி, பம்புக்காரர் முணுமுணுக்க முணுமுணுக்கப் பொருத்தினார்கள். அதே கரைசல், அதே நாசில், அதே கருவி, அதே கை. ஓட்டிய முதல் தடவையே பெரியவர் எண் வந்து நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை நாள் பேச்சு வாங்கிய கை அது. இப்போது அதே கையில் அதே எண். அப்படியானால் கை தவறவில்லை. பெரியவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு கோபுரத்துக்கும் வித்தியாசம் அகலம் ஒன்றுதான். துளி துளிதானே? அது குடிக்கிற வாயு கோபுரத்தின் அகலத்தைப் பார்த்தா குறையும், கூடும்?

கன்னத்தைக் கண்ணாடியில் வைத்து உள்ளே பார்த்தாள். மேலே நாசிலிலிருந்து தூறல் குடை மாதிரி விரிந்தது. ஒரு முழம்கூட இறங்கவில்லை, அதற்குள் பாதிக்கு மேல் கண்ணாடியில் மோதிவிட்டது. அதற்குக் கீழே தூறல் என்று சொல்ல நடுவில் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சக் கரைசலெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மெல்லிய தாள் மாதிரி, மெதுவாக அடி வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. ஏறி வருகிற வாயு அதை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். துளி கண் இமைக்கும் நேரத்தில் விழுந்து தீர்ந்துவிடும். சுவரில் வழிகிறதோ ஆற அமரக் குடித்துக்கொண்டே வரும்.

“அண்ணே, கீழே உள்பக்கமா ஒரு வளையம் பொருத்த முடியுமா? ஓரத்துல வழியற தண்ணி மட்டும் அதுல விழுந்து தனியா வெளியே வரணும். நடுவுல விழற துளி வேற பாத்திரத்துக்குப் போகணும்.”

“முடியும். எதுக்கு?”

“யாரு குடிச்சதுன்னு பார்க்கத்தான்.”

வளையம் வந்தது. இரண்டு பாத்திரங்களில் இரண்டு கரைசல். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, நிறம் மாறும் வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டால், எது எவ்வளவு வாயுவைக் குடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓரத் தண்ணீர்தான் பெருங்குடிகாரன். மூன்றில் இரண்டு பங்கு அதன் வயிற்றில் இருந்தது. துளிகள் குடித்தது மிச்சம்தான். இரண்டையும் கூட்டினால், கருவி காணவில்லை என்று சொன்ன வாயுவோடு அப்படியே பொருந்தியது. அதே வளையத்தைப் புதிய கோபுரத்துக்கும் பெரிதாகச் செய்து மாட்டினாள். அங்கேயும் சுவர் குடித்திருந்தது, ஆனால் குறைவாக. துளிகள் குடித்த அளவு மட்டும் இரண்டு கோபுரத்திலும் ஒன்றாக இருந்தது. ஆக, பெரியவர் எண்ணும் துளியின் எண் இல்லை, அவளுடைய எண்ணும் இல்லை. துளிகள் பெயரில் சுவர் சம்பாதித்துக் கொடுத்ததைப் பாடப்புத்தகம் இத்தனை காலமாகத் துளிகளின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தது.

வீடு அளவுக் கோபுரத்தில் சுவர் எங்கோ தூரத்தில் இருக்கும். நடுவில் துளிகள் மட்டும்தான். பெரியவர் எண்ணை நம்பிக் கட்டினால் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு வாயுதான் பிடிபடும், மிச்சம் வானத்துக்கு. அது மட்டுமா? துளியை எப்படிப் பொடியாக்க வேண்டும், நாசிலை எங்கே எப்படி வைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்கலாம். இனி ஒழுங்காக ஒன்று செய்ய முடியும். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பம்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, “இப்பவே மாடிக்குப் போங்க. இயக்குநர் இருக்காங்க” என்றார்.

“முதல்ல மாமாகிட்ட சொல்லணும்ணே.”

“எதுக்கு?”

“அவர் வாழ்நாள் பூரா சம்பாதிச்ச பேரு. அவருக்குத் தெரியாம நாலு பேர் முன்னாடி போட்டு உடைச்சா நல்லாவா இருக்கும்? வீட்ல ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடறோம்.”

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். “உங்களை மருமகள்னு கூப்பிடறது கேலிக்குன்னு நினைச்சுட்டிருந்தேன். நெசமாவே அப்படித்தான் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வால்வை மூடப் போனார்.

விடுமுறை நாள் காலையில் பெரியவர் பால்கனியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தபோது அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கத்துவார், எழுந்து போய்விடுவார், பிள்ளையைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தாள். அவர் எதுவும் செய்யவில்லை. செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். நல்ல கேள்விகளும் கேட்டார்.

“துளி தெறிச்சு வளையத்துக்குள்ள விழுந்திருக்காதா?”

“வளையத்தோட உதட்டைச் சாய்வா வெட்டச் சொன்னேன் மாமா. கண்ணாடியை ஒட்டி வர்றது மட்டும்தான் உள்ளே போகும்.”

“ரெண்டையும் கூட்டிப் பார்த்தியா?”

“பார்த்தேன். கருவி சொல்றதோட பொருந்துது.”

மடியிலிருந்த செய்தித்தாளை இன்னும் சின்னதாக மடித்தார். வயதான முகம் சுண்டிப் போயிருந்தது. அவளுக்கே பாவமாக இருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பி, “நல்லா செஞ்சிருக்கே” என்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“ஒண்ணு கேட்கறேன், செய்வியா?”

“சொல்லுங்க மாமா.”

“இதை நான் சொல்லணும்மா. தப்பு என்னோடது, என் வாயாலேயே வரணும். நீ சொன்னா, மாமனாரை மருமகள் சந்தி சிரிக்க வெச்சுட்டான்னுதான் பேசுவாங்க. நீ அளந்ததை யாரும் பார்க்கமாட்டாங்க, குடும்பச் சண்டைன்னு முடிச்சுடுவாங்க. நானே எழுந்து நின்னு சொன்னா எவனும் மறுத்துப் பேச முடியாது. என்ன சொல்றே?”

என்ன சொல்வாள்! தன் தப்பைத் தானே சபையில் ஒப்புக்கொள்ளப் போகிற மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இவரைப் போய் இத்தனை நாள் மனசுக்குள் கரித்துக் கொட்டினோமே என்று வெட்கப்பட்டாள். அன்றைக்கே அளவுகள், படங்கள், கணக்குகள் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவருக்கு அனுப்பி வைத்தாள். புரியாத இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கமும் சொன்னாள். எலி தானாகவே பொறிக்குள் நுழைந்து, கதவையும் சாத்திக்கொண்டது.

தொழிற்சாலைக்காரர்கள் வந்த அன்று மாடிக் கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. பெரியவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் கடைசி வரிசையில் பம்புக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் முதல் படம் விழுந்தது. அவள் எடுத்த படம். பழைய கோபுரத்தின் கண்ணாடியில் கரைசல் வழிகிறது.

“நம்ம துறையில எல்லாரும் என் எண்ணைப் பயன்படுத்தறீங்க. எனக்கு அதுல பெருமை உண்டு” என்று பெரியவர் ஆரம்பித்தார். “ஆனா ஓய்வு பெற்ற பிறகும் மனசு ஓய்வு எடுக்கலை. ஒரு சந்தேகம் என்னை அரிச்சுக்கிட்டே இருந்தது. நான் அளந்தது துளியைத்தானா? என் குழாய் குறுகல். சுவருக்கு இதுல பங்கு இருக்குமோ? ஒரு வளையம் வெச்சுப் பார்க்கலாமேன்னு தோணிச்சு.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கேயாவது வரும், இதோ வரும் என்று காத்திருந்தாள். வளையத்தின் உதட்டைச் சாய்வாக வெட்ட வேண்டிய காரணத்தைக்கூட அவள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னார். ஒவ்வொரு படத்துக்கும் ‘நான்’ வந்தது. கடைசிக்கு முந்தின படத்தில்தான் அவள் வந்தாள்.

“என் மருமகள் கூடமாட ஒத்தாசையா இருந்தா. புதுக் கோபுரத்துல அவளுக்கு அளவு குறைவாவே வந்துக்கிட்டிருந்தது. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டா. அது ஒரு வகையில நல்லதாப் போச்சு. அதனாலதானே நான் யோசிக்க ஆரம்பிச்சேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. சிலர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளர் எழுந்து நின்று கைதட்டினார். “சொந்தத் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடிச்சு, தானே வந்து சொல்ற பெருந்தன்மை இந்தக் காலத்துல யாருக்கு சார் வரும்? எங்களைப் பெரிய நஷ்டத்துலேருந்து காப்பாத்திட்டீங்க” என்றார். இயக்குநர் மகிழ்ச்சி தாங்காமல், இதற்குப் ‘பெரியவர் திருத்தம்’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்று ஒரு போடு போட்டார். தப்பும் அவர் பெயரில், திருத்தமும் அவர் பெயரில். நடுவில் அளந்தவளுக்கு நிற்கக்கூட இடமில்லை.

பம்புக்காரர் குனிந்து, “எழுந்து சொல்லுங்க” என்று பல்லைக் கடித்தார்.

சொல்ல வாய்ப்பும் வந்தது. தலைமைப் பொறியாளர் கவனமான மனிதர். “கோபுரத்தை ஓட்டினது யாரு? அவங்க வாயாலேயும் ஒரு தடவை கேட்டுட்டா எங்களுக்குத் திருப்தி. சார் சொன்ன அளவெல்லாம் சரிதானாம்மா?”

அறை முழுவதும் அவளைப் பார்த்தது. பெரியவரும் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. அதுதான் அவளை உள்ளுக்குள் எரித்தது. இவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். இது என்னுடையது என்று சொன்னால் மாமனார் மருமகள் தகராறு. பாதிப் பேர் அவரை நம்புவார்கள், மீதிப் பேர் அளவையே நம்பமாட்டார்கள். கோபுரம் பழைய எண்ணிலேயே எழும்பினாலும் எழும்பும். அதோடு, கேட்ட கேள்வி யார் கண்டுபிடித்தது என்பது இல்லை, அளவு சரியா என்பதுதான். அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

“சரிதான்” என்றாள்.

மறுபடி கைதட்டினார்கள். அவருக்கு.

கூட்டம் கலைந்த பிறகு இயக்குநர் அவளைத் தனியாக அழைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். “நல்லபடியா முடிஞ்சுது. இனிமே இந்த வேலையைச் சாரே ஆலோசகரா இருந்து பார்த்துக்கப் போறார். உங்க ஒப்பந்தம் சரிபார்க்கறதுக்குத்தானே, அது முடிஞ்சுபோச்சு. சாருக்குக் கீழே ஆள் எடுப்பாங்க. உங்களுக்கு இஷ்டம்னா அவர்கிட்டேயே கேட்டுக்குங்க. வீட்லதானே இருக்கார்!”

அவள் சாயங்காலம் வீடு திரும்பியபோது ஹாலில் போன் ஓயவில்லை. பெரியவர் ஒவ்வொருவரிடமும், “நான் என்ன பண்ணிட்டேன், என் கடமையைத்தானே பண்ணினேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். புருஷன் வாசலிலேயே மறித்தான்.

“அப்பா கலக்கிட்டாராமே!”

“கண்டுபிடிச்சது நான்.”

“தெரியும்.” குரலைத் தாழ்த்தினான். “எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வெளியேயா போச்சு, வீட்டுக்குள்ளதானே இருக்கு? விடேன்.”

அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனாள். அழுவதற்கு ஒரு மூலை தேடித்தான் பின்னறைக்குப் போனாள். அங்கே அத்தை துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“தன் பேர்லதானே சொன்னார்?”

அவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். “உங்களுக்கு எப்படி அத்தை...”

“அன்னிக்கு பால்கனியில நீங்க பேசினது உள்ளே கேட்டது. சுவர், வளையம், ஓரத் தண்ணி.” அத்தை ஒரு சட்டைக் காலரை நீவினார். “நானும் அதைத்தான் சொன்னேன். அந்தக் கண்ணாடிக் குழாய் ஓடின காலத்துல அமிலம் விட்டு நிறம் பார்த்தது நான்தானே. தண்ணியெல்லாம் கண்ணாடியில வழியுது, இதைப் போய்த் துளின்னு எழுதறீங்களேன்னு கேட்டேன். ‘ஆராய்ச்சி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’னார்.”

“அப்புறம்?”

“அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சு.”

ஹாலில் பெரியவர் சிரிப்பது கேட்டது. அவளுக்குத் தலைக்கேறியது. பெரியவர் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் எங்கிருந்தோ வந்தது.

“அப்போ உங்களுக்குத் தெரியும். இத்தனை நாளா தெரியும். தினமும் அந்த மேசையில என் கை சரியில்லைன்னு அவர் பேசறப்போ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டிருந்தீங்க. தண்ணி ஜாடியைத் தூக்கிட்டுப் போனீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா, மாமியார் சொல்லிக் கொடுத்து மருமகள் செஞ்சான்னு ஆயிருக்கும். என்னோடதுன்னு ஆகும், இல்லேன்னா அவரோடதுன்னு ஆகும். உன்னோடதுன்னு ஆகாது.” அத்தை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். “நீயா கண்டுபிடிக்கட்டும்னுதான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். உனக்கு எப்படியும் அகப்படும்னு தெரியும். நீ ஒவ்வொரு நாளும் உள்ளே வர்றப்போ மூஞ்சியைப் பார்ப்பேன், கண்டுபிடிச்சுட்டாளா, கண்டுபிடிச்சுட்டாளான்னு.”

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தார். எப்போதும் அதிராத அந்தக் குரல் உடைந்தது.

“எல்லாம் பண்ணிட்டு, கையில வெச்சுக்கிட்டு, அவர்கிட்ட போய் ஏம்மா சொன்னே?”

‘மரியாதைக்குத்தான் சொன்னேன், அத்தை’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.